விரல் படாத இடம்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் டீக் கோப்பை கைநழுவி விழுந்தது. தூக்கக் கலக்கம் என்றேன். இவர், என் வீட்டுக்காரர், நம்பிவிட்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்கு விடிந்ததுமே முதல் ஆள் வாசலில் நின்றுவிடும். அந்த அவசரத்தில் எதைச் சொன்னாலும் நம்புவார்.

மத்தியானம் முழுக்க டியூனிங் கீ படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டார் கம்பியை முறுக்குகிற ஆறு கீ, அவ்வளவுதான். தலையில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. திருகுகிற குமிழ் கறுப்பா, பால் வெள்ளையா, உலோகமா? என்னமோ தலை போகிற காரியம் போல நான்கு சாயங்காலமாக இதே வேலை. ஓட்டல் மேல்மாடியில் வாசித்த இத்தனை வருஷமும் கடையில் வாங்கிய கிட்டாரை வைத்தே ஓட்டிவிட்டேன். இப்போதுதான் எனக்கென்று ஒன்று தயாராகிறது. ஆர்ச்டாப். வயலின் மாதிரி மேற்பலகையை வளைவாகச் செதுக்கிச் செய்வது. யாருக்கும் சொல்லாமல் ஆசைப்பட்டு, யாரையும் கேட்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தது.

கோப்பை இடது கையில் இருந்தது. அதை எழுதாமல் விடப் பார்த்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பட்டறைக்குப் போனேன். கிட்டார் செய்கிறவருக்கு நான் வைத்த பெயர் இரட்டைக் கண்ணாடி. ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். பலகையைக் காதருகே தூக்கிப் பிடித்து விரலால் தட்டினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"என்ன கம்பி போடுவீங்கம்மா? தடிசா, மெலிசா?"

"ஏன், கம்பியை எப்ப வேணா மாத்திக்கலாமே?"

"கம்பிய மாத்தலாம். பலகைய மாத்த முடியாதே. தடிச்ச கம்பி இழுக்குற இழுப்புக்குப் பலகை தாங்கணும், அதனால கனமா விடுவேன். அதுல மெலிசு போட்டா சத்தம் எந்திரிக்காது. சொல்லிட்டீங்கன்னா செதுக்கிருவேன்."

மெலிசு என்று சொல்ல வாய் திறந்தேன். இரண்டு மாதமாக இடது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய்க் கிடக்கின்றன. தடித்த கம்பியை அழுத்தினால் அழுந்துகிறதா இல்லையா என்று எனக்கே தெரிவதில்லை, காது சொன்னால்தான் உண்டு. ஆனால் வாயிலிருந்து வந்தது, "தடிசுதான். எப்பவும் அதுதானே வாசிக்கிறேன்."

அவர் உளியை எடுத்துவிட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

ஏன் அப்படிச் சொன்னேன்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

மேடையில் சுண்டு விரல் படுத்துவிட்டது. நான்காவது பாட்டில் ஒரு வளைவு வரும், அங்கே அது நீண்டு போய் அழுத்த வேண்டும். போகவில்லை. கம்பி மேல் சும்மா கிடந்தது, யாரோ என் கையில் வைத்துவிட்டுப் போன மாதிரி. அதற்குப் பிறகு முழுக்க இரண்டே விரலால் ஒப்பேற்றினேன். ஓட வேண்டிய இடத்தில் நின்றேன், நிற்கும் இடத்தில் இன்னும் நின்றேன்.

முடிந்ததும் நெட்டை ஓடி வந்தான். எங்களோடு டபுள் பாஸ் வாசிக்கிறவன். அவனும் அவன் வாத்தியமும் ஒரே உயரம்.

"அக்கா, என்ன இப்பல்லாம் இவ்ளோ நிதானம்! சும்மா அள்ளி இறைக்காம, தொட்டுத் தொட்டு... பக்குவம்னா இதுதான்க்கா."

சிரித்தேன். கழிவறையில் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கையைச் சுடுதண்ணீரில் பிடித்தேன். சூடு மூன்று விரலுக்கு மட்டும் தெரிந்தது.

மார்ச் 4, செவ்வாய்

இரட்டைக் கண்ணாடி போனில். கம்பிகளின் கீழ்முனையைப் பிடிக்கிற டெயில்பீஸ் பித்தளையில் வேண்டுமா, மரத்திலா? பித்தளை கனம், சத்தம் நின்று பேசும். மரம் லேசு, சத்தம் சட்டென்று எழுந்து அடங்கும். பித்தளை என்றேன். எதைக் கேட்டாலும் பலசாலி சொல்கிற பதிலையே சொல்கிறேன். ஒரு சாமானைப் பற்றித்தான் கேட்கிறார் மனுஷன். எனக்கு அது "உன் கை எப்படி இருக்கிறது" என்றே கேட்கிறது.

கீ மட்டும் முடிவாகிவிட்டது. கறுப்புக் குமிழ்.

மார்ச் 8, சனி

டாக்டரிடம் போனேன். வீட்டில் இவரிடம் கடைக்குப் போகிறேன் என்றேன்.

முழங்கையில் ஊசி மாதிரி எதையோ வைத்து மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். முழங்கைக்குள் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டிக்கும் போவது பெரும்பாலும் வேறு நரம்பாம், அதனால் அவை பிழைத்தன. வெட்டித் தளர்த்திவிட்டால் மேலும் கெடாமல் நிறுத்தலாம்.

"போனது திரும்பி வருமா?"

"கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். லேட்டா வந்திருக்கீங்க. வேலை என்ன?"

டீச்சர் என்றேன்! எந்த டீச்சர், என்ன டீச்சர்? ஒரு வெள்ளைக் கோட்டு முன்னால் கூட உண்மை வாயில் வரமாட்டேன் என்கிறது. கிட்டார் என்று சொல்லியிருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

நாற்பத்தேழு வயது. வேறு எதுவும் தெரியாதே எனக்கு.

மார்ச் 16, ஞாயிறு

இன்று பட்டறையில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

கழுத்துப் பகுதி கையில் எப்படி உட்கார வேண்டும் என்று பார்க்கக் கூப்பிட்டார். மாதிரிக்கு ஒரு கட்டைக் கழுத்து, அதில் கம்பியும் கட்டியிருந்தது. என் இடது கை முழுக்க நீலச் சாக்பீஸ் பொடியைத் தடவிவிட்டார். "வழக்கமா வாசிக்கறத வாசிங்க. பொடி எங்க படுதோ அதப் பாத்துத்தான் நான் செதுக்குவேன். வாய் சொல்றத நான் கேக்கறதில்ல. எல்லாரும் பெரிய கைன்னுதான் சொல்வாங்க."

வாசித்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"சுண்டு விரல் ஒரு இடத்துலகூடப் படலியே?"

"இந்தப் பாட்டுக்கு அது வேணாம்."

"வேற பாட்டு வாசிங்க."

"நேரமாச்சு."

பையைக் கூட மூடாமல் வெளியே வந்துவிட்டேன். பேருந்தில் போனவர்களெல்லாம் என் நீலக் கையையே பார்த்தார்கள். கிளம்பும்போது அவர் பின்னாலிருந்து சொன்னது காதில் நிற்கிறது. "கிட்டார் உடம்பு வளைச்சாச்சு. சனிக்கிழமை பெட்டிய மூடி ஒட்டிருவேன். அப்புறம் உள்ள கை வெக்க முடியாது, பாத்துக்கங்க."

மார்ச் 18, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றதை இவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டு நின்றாரோ. உட்காரவைத்து, விடாமல் கேட்டார். எல்லாம் வந்துவிட்டது. விரல், டாக்டர், டீச்சர் என்று புளுகினது, தடித்த கம்பி, சாக்பீஸ் பொடி. அழுதேன். அழுததற்காக எரிந்து விழுந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நெசமாயிடும்ல!"

பிறகு இவர் தொழில் புத்தியைக் காட்டினார். "என்கிட்ட ஒருத்தர் வருவாரு. எதிர்ல லாரி வந்தா கண்ண மூடிக்குவாரு. கேட்டா, பயம்மா இருக்கு சார்ங்கறாரு. பயம் சரிய்யா, லாரி அதுபாட்டுக்கு வருதே!"

"ஜோக்கடிக்காதீங்க."

"சரி, அடிக்கல. அந்தக் கை வேலைக்கு வராதுன்னா இந்தக் கைய அனுப்பு. திருப்பிப் புடி. ரெண்டு கை குடுத்திருக்குல்ல?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! இடம் மாற்றி மாட்டிக்கொள்ள இது என்ன செருப்பா? முப்பது வருஷ வாசிப்பை இந்த விரல்களுக்குள்தானே போட்டு வைத்தேன். இன்னும் இவரோடு பேசவில்லை.

மார்ச் 19, புதன்

இவர் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, பழைய கிட்டாரில் கம்பிகளைக் கழற்றி வரிசை மாற்றிக் கட்டினேன். திருப்பிப் பிடித்தேன். வலது கை கழுத்தில், இடது கையில் கம்பியை மீட்டுகிற பிக். பிக் நின்றது. கட்டை விரலும் ஆள்காட்டியும் அதைப் பிடித்துக்கொண்டன, தடுமாறினாலும் நழுவவிடவில்லை.

மற்றபடி கொடுமை. முதல் நாள் வகுப்புக்கு வந்த பிள்ளை கூட இதைவிட நன்றாக வாசிக்கும். மூளை சொல்கிறது, கை "என்னையா சொன்னாய்?" என்கிறது. கம்பிகள் கொரகொரவென்று இருமின. நல்லவேளை, பக்கத்து வீட்டில் ஆள் இல்லை.

ஆனால் வலித்தது. வலது கையின் நான்கு விரல் நுனியும் எரிந்தன. சுண்டு விரல் நுனியில் கம்பி பதிந்து ஒரு கோடு, சிவப்பாக. அதை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வலிக்கிறது வலிக்கிறது என்று சந்தோஷப்பட்ட பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 20, வியாழன்

பட்டறைக்குப் போன் செய்தேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன். மறுபடி செய்தேன். மறுபடி வைத்தேன். நாளை மறுநாள் பெட்டியை மூடிவிடுவார். அப்படியே விட்டுவிட்டால் என்ன? என்னால் வாசிக்க முடியாத ஓர் அழகான கிட்டாரைச் சுவரில் மாட்டிவிட்டு, "நேரமில்லை" என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. இந்த யோசனை எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். பட்டறையில், நின்றுகொண்டே, பையைக் கூட இறக்காமல். கை போய்விட்டது, திருப்பிப் பிடிக்கப்போகிறேன், மெலிந்த கம்பி வேண்டும், எல்லாமே மறுபக்கமாக வேண்டும்.

ஆறுதல் சொல்வார் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன் போல. மனுஷன் கத்தித் தீர்த்துவிட்டார்.

"அன்னிக்கே கேட்டேன்ல? பொடி படலியேன்னு கேட்டேனா இல்லியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தத் தோள நான் வெட்டியிருப்பனா? இந்தா பாருங்க!"

பார்த்தேன். கிட்டாரின் ஒரு தோளில், கை உள்ளே போய் மேல்சுரங்களை எட்டுவதற்காக ஒரு வளைவு வெட்டுவார்கள். விலாப் பலகையை அந்த வளைவுக்கு வளைத்து ஒட்டியாயிற்று. திருப்பிப் பிடித்தால் அது மேலே போய்விடும், வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாமல். கீழே கை போக வேண்டிய இடத்தில் முழுத் தோள் மறிக்கும். இனி மாற்ற முடியாது. என் பொய் அங்கே நிரந்தரமாக நிற்கும், எல்லோரும் பார்க்கிற இடத்தில்.

"மேல்சுரம் ரெண்டு மூணு எட்டாது. ஆயுசுக்கும் எட்டாது. பரவால்லியா?"

"பரவால்ல."

"எனக்குப் பரவால்லன்னு இல்ல. என் பேர்ல போற சாமான்."

முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் எதையோ உருட்டினார். போய்விடலாமா என்று நினைத்தபோது, பலகையை எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டே பேசினார். பெட்டி இன்னும் திறந்திருப்பதால் மேற்பலகையை உள்ளிருந்து இளைக்கலாம். உள்ளே தாங்குகிற சட்டங்களைப் பெயர்த்து இடம் மாற்றலாம். மேலே கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கிற பிரிட்ஜைப் புதிதாகச் செதுக்க வேண்டும். விரல் ஊன்றுகிற தகடு மறுபக்கம் போகும். பித்தளை டெயில்பீஸ் வேண்டாம், மரம். நான் வீம்புக்குத் தேர்ந்தெடுத்தது ஒவ்வொன்றாகக் கழன்றது. மிஞ்சியது டியூனிங் கீ. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, எப்படிப் பிடித்தாலும் அதற்குக் கவலையில்லை. நான்கு சாயங்காலம் வீண் போகவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் சாக்பீஸ் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். "குடுங்க அந்தக் கைய."

வலது கையால் வாசித்தேன். கழுத்து முழுக்க நீலம், அப்பிக்கொண்டு, வழிந்து, குழந்தை கிறுக்கின மாதிரி. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ட இடத்துலயும் பட்டிருக்கு," என்றார். "ஆனா நாலும் பட்டிருக்கு."

ஏப்ரல் 7, திங்கள்

நாளை முழங்கையில் அறுவை. இவர் லீவு போட்டிருக்கிறார். டாக்டரிடம் டீச்சர் இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் வருத்தப்பட்டது அவ்வளவுதான். ஆனாலும் பயம். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

மே 26, திங்கள்

கை மேலும் கெடாமல் நின்றிருக்கிறது. போனது திரும்பி வரவில்லை. ஓட்டலில் என் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று. நெட்டை சொன்னான், நான் கேட்காமலே.

ஆகஸ்ட் 30, சனி

கிட்டார் வந்தது. அது வந்த பெட்டியைத் திறக்கவே பயந்து, இவரைத் திறக்கச் சொன்னேன். தேன் நிறம். தொட்டதும் பேசுகிறது, இவ்வளவு லேசான கம்பிக்கு. மேல் தோளில் அந்த வளைவு. நெட்டை பார்த்துவிட்டு, "அக்கா, சட்டைய உள்பக்கம் வெளிய போட்ட மாதிரி இருக்கு," என்றான். போடா என்றேன். மேல்சுரங்கள் எட்டவில்லை. ஒவ்வொரு முறையும் கை போய்த் தோளில் முட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

நெட்டை போன் செய்தான். ஓட்டலில் இல்லை, சின்ன இடம், நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார்களாம். ஞாயிறு சாயங்காலம்.

"எனக்கு மூணு பாட்டுதான்டா தெரியும். அதுவும் மெதுவா."

"அந்த மூணையே வாசிங்க. நான் நடுவுல பேசிச் சமாளிக்கறேன்."

சரி என்று சொல்லிவிட்டு வைத்த பிறகு, போட்ட சோறு தட்டிலேயே கிடந்தது. தப்பாக வாசித்துவிட்டால்? பாதியில் மறந்துவிட்டால்? யாராவது சிரித்துவிட்டால்? இவரிடம் சொன்னேன். "மேடைன்னா முன்னாடியும் இப்படித்தான பயப்படுவ? சோறுகூட எறங்காதே உனக்கு," என்றார்.

ஆமாம். இது கையைப் பற்றிய பயமில்லை, மேடைக்கு முன்னால் வருகிற அந்தப் பழைய பயம்தான். அடையாளம் தெரிந்துவிட்டது. போய் மூன்றாவது பாட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.