டூப்பு டிரைவர்

அயனம்பாக்கம்,
வியாழன் சாயங்காலம்.

என் அன்பான ரெனிஷுக்கு ஷைலா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நாங்கள் சுகம். மஸ்கட் வெயில் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? மகள் சாராளுக்குக் காய்ச்சல் விட்டு ஸ்கூலுக்குப் போகிறாள். ஏரி நிரம்பிக் கிடக்கிறது, ஆனாலும் நம் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான் கதி.

போனில் நம் ஆபீஸ் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தைக் கட் பண்ண முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

நீங்கள் எழுதிய தண்ணீர் லாரி புக்கிங் புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கப் போவதாக முதலாளி தங்கராஜ் சார் சொன்னார். லாரி வருகிறது என்று புரோகிராம் சொல்லியும் அந்தக் கல்யாண வீட்டுக்கு லாரி போகாததற்கு எல்லோர் முன்னாலும் உங்களைத் திட்டினாரே, நீங்களும் ஐடி கார்டை மேஜையில் வைத்துவிட்டு மஸ்கட்டுக்கு ஸ்டோர் வேலைக்குப் போனீர்களே, அதை நான் மறக்கவில்லை. தப்பு எங்கே என்று கண்டுபிடித்துக் காட்டுகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று சண்டை போட்டேன். நாளை வரை டைம் தந்தார்.

ஆனால் புரோகிராமை ஓட்டிப் பார்த்தால் நிஜ டிரைவருக்கே மெசேஜ் போகிறது. பக்கத்து சீட் கோகுல்நாத் வானகரத்தில் ஏதோ ஒரு அட்ரஸைப் போட்டு சும்மா தட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் டிரைவர் அப்பாவு அண்ணன் முழு லோடோடு ஒரு பல் டாக்டர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம்தான் மாக்கிங் ஃபிரேம்வொர்க்கைப் பிடித்தேன். உங்கள் புரோகிராமில் ஒரு வரியைக் கூடத் தொடவில்லை. டிரைவரிடம் பேசும் பகுதி இருந்த இடத்தில் ஒரு பொய்ப் பகுதியை உட்கார வைத்தேன், அவ்வளவுதான். நான் சொல்லிக்கொடுத்த பதிலை அது சொல்லும். அதனிடம் என்ன கேட்டார்கள் என்பதையும் ஞாபகம் வைத்திருக்கும். ஆபீஸில் அதற்கு டூப்பு டிரைவர் என்று பெயர்.

டூப்பு ‘சரி’ என்றது, ‘முடியாது’ என்றது, வாயே திறக்காமலும் இருந்தது. எல்லாவற்றிலும் உங்கள் புரோகிராம் தேறியது. எனக்கோ பெருமை ஒரு பக்கம், தப்பு கிடைக்கவில்லையே என்ற பயம் ஒரு பக்கம்.

இன்று மத்தியானம் அப்பாவு அண்ணன் நேரே மாடிக்கு ஏறி வந்துவிட்டார். இன்னாம்மா, எனக்கே டூப்பு போட்டுகினு கீறியாமே, அப்போ நான் ஊட்டுக்குப் போவவா என்று கேட்டார். டூப்பு லாரி ஓட்டாது அண்ணே, மெசேஜுக்குப் பதில் மட்டும்தான் சொல்லும் என்று புரியவைத்தேன். சமாதானமாகி டீ குடித்தார். சரி, வரேம்மா என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

வரேன் என்றவர் போகிறாரே என்று எனக்குச் சுரீர் என்றது.

டூப்பின் வாயில் ‘வரேன்’ போட்டேன். லாரி வருகிறது என்று புரோகிராம் குறித்துக்கொண்டது. பழைய மெசேஜ்களைத் தோண்டினேன். கல்யாண வீட்டு புக்கிங் போன அதே நேரத்தில் ஒரு டிரைவர் வேலை முடித்துக் கிளம்பி, ஆபீஸ் நம்பருக்கு ‘வரேன்’ என்று அனுப்பியிருக்கிறார். புக்கிங்கை அவர் பார்க்கவே இல்லை. அவர் விடைபெற்றதை உங்கள் புரோகிராம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. நம் ஊரில் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு யார் போகிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

தங்கராஜ் சார் மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். அவனை அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா, அவன் சீட்டு அப்படியே கீதுன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

இனிமேல் யார் ‘வரேன்’ என்று அனுப்பினாலும், ‘எப்போ?’ என்று திருப்பிக் கேட்கும்படி ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதற்கும் டெஸ்ட் எழுதி ஓட்டியாயிற்று.

ஏர்போர்ட்டில் நீங்களும் ‘வரேன்’ என்றுதான் சொன்னீர்கள். சாராள் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள், நானும்தான். போகும்போது காத்த தேவன் வரும்போதும் காப்பார். எப்போ என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்
ஷைலா