அப்பாவுக்குக் கிட்னி கொடுக்க இப்போது வராதே

ராசிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அறிவுமதிக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை, இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார், அதனால் தபாலில் எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையது ஆகாது, உன் கிட்னிதான் பொருந்துகிறது என்று தெரிந்த அன்று சேலத்து டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். சிகரெட்டுப் புகை நெஞ்சோடு நின்றுவிடாதாம், ரத்தக் குழாயைச் சுருக்குமாம், பிரஷர் இருக்கிற உடம்பில் கிட்னிக்குப் போகிற ரத்தம் குறைந்து அது இன்னும் சீக்கிரம் கெடுமாம். லாரி ஓட்டின காலத்திலிருந்து ஊதியதும் சேர்ந்துதான் இந்தக் கதி, இனியும் பிடித்தால் மகள் கொடுப்பதும் வீணாகும், விட்டால்தான் ஆபரேஷன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். உன் அப்பா கண் கலங்கி உன்மேல் சத்தியம் செய்தார், நானும் நம்பினேன்.

போன வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து, நான் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம். தேடிப் போனால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சுவரோரம், மூத்திர நாற்றத்துக்கு நடுவே நின்று சுகமாகப் புகை விட்டுக்கொண்டிருக்கிறார். ஊசி குத்தின கையில் ஒட்டிய பிளாஸ்திரிகூட எடுக்கவில்லை, அதே கையில் சிகரெட். "ஏனுங்க, புள்ள குடுக்கறதையும் இப்படித்தான் ஊதித் தள்ளப் போறீங்களா?" என்றேன். கீழே போட்டு மிதித்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணுதான் வேணி, புள்ளைகிட்டச் சொல்லிராத" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால், டாக்டர் சொன்னபடி அவர் தண்ணீர் அளந்து குடிக்க வைத்திருந்த டம்ளர் கட்டிலடியில் கிடக்கிறது, உள்ளே ஊறிப்போன சிகரெட்டுத் துண்டுகள், மேலே சளி. அதைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை, டம்ளரோடு தூக்கிக் குப்பையில் எறிந்தேன்.

மறுநாள் நானே டாக்டரிடம் போய், என் மகளை இப்போது அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். டாக்டரும், உன் அப்பா சிகரெட்டை முழுசாக விடட்டும், விட்டது சோதனையிலும் தெரியட்டும், பிறகு பார்க்கலாம், அதுவரை டயாலிசிஸ் நடக்கட்டும் என்றார். உன் அப்பாவிடம் சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், சாப்பிடவும் இல்லை. உன் பெரியப்பா கருப்பண்ணன் வந்து, நோயாளியிடம் இப்படியா பிடிவாதம் பிடிப்பது என்று என்னைத்தான் கேட்டுவிட்டுப் போனார். கேட்கட்டும். கூடவே ஆஸ்பத்திரிக்குப் போவேன், உப்புக் குறைத்து ஆக்கிப் போடுவேன், அதில் குறை வைக்க மாட்டேன். உன் உடம்பைக் கிழித்து எடுத்து அந்த நாற்றத்துக்குள் வைக்க மட்டும் சம்மதிக்க மாட்டேன்.

டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, தண்ணீர் நிறையக் குடி. ஆத்தா உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். அப்பா போன் போட்டு அழுவார், நீ இளகிவிடுவாய் என்று அவருக்குத் தெரியும். அழுதால் கேட்டுக்கொள், வாரேன் என்று மட்டும் சொல்லிவிடாதே சாமி.

உன் அம்மா,
கமலவேணி