கீழ்த்தட்டில் போட்ட கடிதங்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். பத்து மணிக்கெல்லாம் துணி காய்ந்துவிட்டது.

இந்த மாதம் வீட்டு ரிப்பேர் எல்லாம் முடிப்பதாகச் சபதம். பைப் ஆச்சு. பாக்கி: மின்விசிறி, கேட் பூட்டு, மெயில் புரோகிராம்.

மெயில் புரோகிராம்தான் பெரிய தலைவலி. மகள் நியூசிலாந்து போன வருடம் வாங்கிய கம்ப்யூட்டர், நாலு வருடம் ஆகிறது. முதல் வாரத்திலிருந்தே இதே கதை. திறக்கும், படிக்க விடும், அனுப்பும். மூடு என்றால் மட்டும் உறைந்து நிற்கும். பிறகு ‘எதிர்பாராமல் நின்றுவிட்டது’ என்று ஒரு பெட்டி. நான்தானே மூடச் சொன்னேன், இதில் எதிர்பாராதது எங்கே வந்தது?

வீட்டுக்காரர் க. சொல்வது: “மூடாம அப்படியே விட்டுடு லா. யாரு கேக்கப் போறா.” முப்பது வருடம் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கோப்பும் கடிதமும் பார்த்த கிராணியிடம் ஒரு கணவன் பேசுகிற பேச்சா இது. மேசையைச் சுத்தம் செய்யாமல் ஒருநாள்கூட வீட்டுக்குக் கிளம்பியதில்லை நான்.

மார்ச் 5, புதன்

நாலு மணிக்கு இடியோடு மழை. நோன்புமாதச் சந்தைக்கு, ரம்லான் பாசாருக்குப் போன க. நனைந்து வந்தார். முர்தபாக் பொட்டலம் மட்டும் நனையவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் கம்ப்யூட்டர் கடை சீதாவுக்குப் போன் போட்டேன். பொறுமைசாலி. மெயிலோடு கூடுதலாகச் சேர்த்திருக்கிற துணுக்குப் புரோகிராம்களை எல்லாம் நிறுத்திவிட்டுத் திறந்து, மூடிப் பார்க்கச் சொன்னாள். ஒழுங்காக மூடினால் குற்றவாளி அதில் ஒன்று. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டுமாம். எழுதி வைத்துக்கொண்டேன். நாளைக்கு.

மார்ச் 6, வியாழன்

மூடியது!!

கண் சிமிட்டுவதற்குள். பெட்டி இல்லை, மன்னிப்பு இல்லை. துணுக்குகள் மொத்தமே நாலு. மூன்றாவதில் பிடிபட்டது: கடிதத்தாளுக்கு ரோஜாப்பூ ஓரம் போடுகிற துணுக்கு. மகளுக்குப் போடும் முதல் கடிதத்துக்கென்று நான் ஆசையாய்ச் சேர்த்தது. எடுத்து எறிந்தேன். ஆசைக்குப் பத்துத் தடவை திறந்து திறந்து மூடினேன். க.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். “மூடுனதுக்கா இவ்ளோ சந்தோஷம்?” ஆமாம், இவ்வளவு சந்தோஷம்தான்.

மின்விசிறியும் துடைத்தாயிற்று. நல்ல நாள்.

மார்ச் 9, ஞாயிறு

மகளிடமிருந்து கடிதம். வாட்ஸ்அப்பில் சாப்பிட்டியா, தூங்கினியா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தமிழில் ஒழுங்கான கடிதம். போகும்போது நான் போட்ட நிபந்தனை, இன்றுவரை தவறவில்லை. இந்த வாரம் புளிக்குழம்புக்கு அளவு கேட்டிருக்கிறாள். போன வருடமும் கேட்டு, சமைத்துவிட்டுப் புளி கூடிப்போச்சு என்று எழுதியிருந்தாளே, அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்ப்போம் என்று போனேன்.

ஒன்றும் இல்லை. நாலு வருடக் கடிதத்தில் ஒன்றுகூட இல்லை.

பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 10, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். தப்பு என்னுடையது.

பள்ளி அலுவலகத்தில் மூன்று தட்டு. வந்த கடிதம் மேலே, பார்க்க வேண்டியது நடுவில், பதில் போட்டு முடிந்தது கீழ்த்தட்டில். முப்பது வருடப் பழக்கம். கம்ப்யூட்டரிலும் மகளுக்குப் பதில் போட்டதும் கடிதத்தைக் கீழ்க்கடைசிப் பெட்டிக்குத் தள்ளிவிடுவேன். அதன் பெயர் குப்பை என்று தெரியும். பெயர் என்னவாக இருந்தால் என்ன, இடம் பத்திரமாகத்தானே இருந்தது?

சீதா போனிலேயே செட்டிங்கைத் திறந்து வாசிக்கச் சொன்னாள். பிறகு சொன்னாள்: வெளியேறும்போது குப்பையைக் காலி செய் என்று ஒரு டிக் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. “ஒவ்வொரு தடவையும் காலி பண்ணப் போறப்பதான் நின்னு போயிருக்கு ஆன்டி. அதுதான் உங்க லெட்டரைக் காப்பாத்தியிருக்கு.” அந்த டிக்கை யார் போட்டார்களோ. நானேகூட இருக்கலாம். சுத்தம் என்று எதைக் கண்டாலும் டிக் போடுகிற கை.

தோண்டிப் பார்க்கலாம், கிடைக்குமென்று உறுதியில்லையாம். அனுப்பியவரிடம் நகல் இருக்கும், கேளுங்கள் என்றாள்.

கேட்பதென்றால், உன் கடிதங்களைக் குப்பையில் வைத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

மூன்று தடவை எழுதி அழித்தேன். க. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “உள்ளதைச் சொல்லு, நம்ம புள்ளதானே” என்றார். உள்ளதைச் சொல்லி அனுப்பினேன். புளிக்குழம்பு அளவையும் சேர்த்து.

சோற்றுக்கு உப்புப் போட மறந்தேன். க. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மார்ச் 12, புதன்

வெயில். கேட் பூட்டுக்கு எண்ணெய் போட்டாயிற்று.

பதில் வந்துவிட்டது, ஞாயிறுக்குக் காத்திருக்காமல். சிரித்திருக்கிறாள், ஒரு வரி முழுக்க. எல்லாம் அவளிடம் இருக்கிறதாம். மொத்தமாக அனுப்ப மாட்டாளாம். ஞாயிறுக்கு ஒரு பழையது, புதுக் கடிதத்தோடு சேர்த்து. முதல் கடிதம் மட்டும் இன்றைக்கே.

போய்ச் சேர்ந்த வாரம் எழுதியது. “சுகமா இருக்கேன்மா. குளிர் அவ்வளவு இல்லை. நானே சமைச்சு நல்லா சாப்பிடுறேன்.” அதன் கீழே இன்று புதிதாக ஒரு வரி: “பொய்மா. அரிசி கருகிப் போச்சு, ரொட்டியைத் தின்னுட்டு அழுதுக்கிட்டே எழுதினேன்.”

நான் அனுப்பியவை என்னிடம் அப்படியே இருக்கின்றன, அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. அன்று நான் போட்ட பதிலைத் தேடி எடுத்தேன். ரோஜாப்பூ ஓரத்தோடு. “இங்கே எல்லாரும் சுகம். அப்பா நன்றாகத் தூங்குகிறார்.”

க.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லிடு” என்றார்.

அதன் கீழே ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்: பொய். அந்த மாதம் முழுக்க அப்பா உன் அறையில், உன் கட்டிலில்தான் படுத்தார்.