மூக்கன் கூட்டம் இரண்டு முறை எண்ணப்பட்டதும், அதைச் சொன்ன என் கணவர் விலக்கப்பட்டதும்

அனுப்புநர்:
வெல்டரின் மனைவி,
வெல்டிங் பட்டறைக்கு மேல் மாடி,
ஏரிக்குப் போகும் தெரு.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
நீர்நிலைப் பறவைகள் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பில் தங்கள் உதவி அலுவலர் என் கணவரைப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்தி விலக்கியது – வரும் ஞாயிறு நடக்கும் இரண்டாம் சுற்றில் அவரைத் திரும்பச் சேர்க்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எட்டு நாளைக்கு முன், சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில், மதகுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருந்தவர்கள்: தங்கள் உதவி அலுவலர், அவருடைய ஜீப் ஓட்டுநர், பறவை நோக்குவோர் சங்கத்தின் செயலாளரான பல் டாக்டர், முதல் முறையாக வந்திருந்த கல்லூரி மாணவிகள் இருவர், பத்திரிகை நிருபர் ஒருவர், என் கணவர், நான். டீக்கடைக்காரர் கெட்டிலை வைத்துவிட்டு உடனே போய்விட்டதால் அவரைச் சாட்சியில் சேர்க்கவில்லை. ஓட்டுநர் உதவி அலுவலரின் கீழ் வேலை பார்ப்பவர். தான் எதையும் பார்க்கவில்லை என்று அவர் சொன்னால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் அல்ல. வீட்டு வரவு செலவை எழுதி எழுதியே எனக்குக் கையெழுத்து வந்தது. இந்த மனுவில் பிழை இருந்தால் பிழையை மட்டும் திருத்திக்கொள்ளவும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

1. என் கணவர் வெல்டர். இந்த ஊரில் பாதி வீடுகளின் கேட் அவர் அடித்தது. தங்கள் அலுவலகத்தின் கேட்டும் அவர் அடித்ததுதான். அவருக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. நேராகப் பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். எதிரில் நிற்பவர் முகம் தெரியாது, குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார். ஆனால் ஓரப்பார்வை இருக்கிறது. ஓரத்தில் ஒரு இறக்கை அசைந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். அதோடு, கண் நன்றாக இருந்த காலத்திலிருந்தே பறவைகளின் குரல் அவருக்கு அத்துப்படி.

2. நாங்கள் பறவை பார்க்கும் முறை இது. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "அந்தப் பக்கம் ஏதோ எறங்குச்சு, பாரு" என்பார். நான் முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியில் பார்த்து, கண்ணில் படுவதை மட்டும் சொல்வேன். கால் என்ன நிறம், அலகு மேலே வளைகிறதா கீழே வளைகிறதா, நடக்கும்போது பின்பக்கத்தை ஆட்டுகிறதா. பெயர் சொல்லக் கூடாது. இது ஆரம்பத்திலேயே அவர் போட்ட சட்டம். "பேரு தெரிஞ்சிட்டா நீ பேரத்தான் பாப்பே, பறவையப் பாக்க மாட்டே" என்பார். சிலவற்றின் பெயர் இப்போது எனக்கே வாய் வரை வரும். விழுங்கிக்கொள்வேன். அவர் பெயரைச் சொல்வார், நான் எண்ணுவேன், அவர் குரல்களை வைத்துச் சரிபார்ப்பார். இருவருக்கும் ஒத்துப்போகாத எதுவும் எங்கள் கணக்குச் சீட்டில் ஏறாது. ஒரு முறை ஒரு உள்ளான் விஷயத்தில் ஒத்துப்போகாமல் வீடு வரைக்கும் பேசாமலே வந்திருக்கிறோம். அதை எழுதவும் இல்லை.

3. இதெல்லாம் உதவி அலுவலருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று குளிர்காலமாக எங்களுக்குப் பக்கத்தில் நின்று, எங்கள் பிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டே பார்த்தவர் அவர். போன வருடம் தன் மனைவியைக் கூட்டிவந்து, "இவங்க ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆளு, அந்த ஒரு ஆளு எங்க ஆபீஸ்ல பத்து ஆளுக்குச் சமம்" என்று அறிமுகப்படுத்தியவரும் அவரே. அன்றைக்குத் தெரிந்தது சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை எப்படித் தெரியாமல் போனது என்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த பத்தியில் எழுதுகிறேன்.

4. அன்று ஏரியின் வடபக்கச் சேற்றில் கருவால் மூக்கன் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. உதவி அலுவலர் எண்ணி அறுநூறு என்றார். நாங்களும் ஏறக்குறைய அவ்வளவுதான் வைத்திருந்தோம். அப்போது ஒரு பருந்து தாழப் பறந்து வந்தது. கூட்டம் மொத்தமாக எழுந்து கொட்டகைக்கு மேலாகச் சுற்றிக்கொண்டு தென்பக்கம் இறங்கியது. உதவி அலுவலர் அந்த நேரம் நிருபருக்குப் போட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார். திரும்பினார், தென்பக்கத்தில் ஒரு கூட்டத்தைக் கண்டார், மறுபடி எண்ணினார், கூட்டினார். "ஆயிரத்து இருநூறு! எழுதிக்கோங்க, இந்த ஏரியில இதுவரைக்கும் இல்லாத எண்ணிக்கை" என்று நிருபரிடம் சொன்னார்.

என் கணவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அதே கூட்டம்தான் சார். நம்ம தலைக்கு மேலயே சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிருக்கு. ரெண்டு தடவ எண்ணிட்டீங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"கேட்டேன் சார்."

நிருபரின் பேனா நின்றது. அது நின்றதுதான் எங்கள் குற்றம். வேறு ஒரு குற்றமும் இல்லை.

5. உதவி அலுவலர் சிரித்தார். "கேட்டாராம்! ஏன் டாக்டர், நீங்க பல்லைக் காதால பாக்குறதுண்டா?" என்றார். பல் டாக்டரும் சிரித்தார். இனி அவரிடம் என் பல்லைக் காட்டுவதாக இல்லை.

பிறகு உதவி அலுவலர் தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரத்தைக் கையால் காட்டி, "சரி, அதோ அந்த மரத்துல உக்காந்திருக்கே, அது என்ன பறவைன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். நான் வழக்கம்போல் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். அவர் வந்து கண்ணாடியின் முன்னால் உள்ளங்கையை வைத்து மறைத்தார். "நீங்க பேசக் கூடாதும்மா. அவரு சொல்லட்டும்."

என் கணவர் தலையைச் சாய்த்துக்கொண்டு என் குரலுக்காகக் காத்திருந்தார். எங்கள் கல்யாண நாளிலிருந்து அவர் கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. கடைசியில், "சத்தமே வரலையே சார்" என்றார்.

"எப்படி வரும்? அது பிளாஸ்டிக் பை!"

மாணவிகளில் ஒருத்தி சிரித்துவிட்டாள். இன்னொருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தவளைக் கடவுள் நன்றாக வைத்திருக்க வேண்டும். உதவி அலுவலர் அதோடு விடவில்லை. "கண்ணு தெரியாதவரு எண்ணுவாரு, வீட்டம்மா எழுதுவாங்க, நாங்க அத நம்பி மேல அனுப்பணும். நல்லா இருக்குய்யா உங்க குடும்பக் கணக்கு!" என்றார்.

ஐயா, ஒன்றை மட்டும் தாங்கள் கவனிக்க வேண்டும். என் கணவர் அதைப் பறவை என்று சொல்லவே இல்லை. அன்றைக்கு அந்த ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பையைப் பறவை என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும்.

6. அதன் பிறகு, செங்கல் சூளைக்குப் பின்னால் எங்கள் பங்காக ஒதுக்கியிருந்த வெள்ள வயல்களுக்கான சீட்டை வாங்கி, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, "ஏற்பதற்கில்லை" என்று எழுதினார். கணக்கெடுப்பவர் என்று அலுவலகம் கொடுத்திருந்த பைனாகுலரை என் கணவரின் கழுத்திலிருந்து அவரே கழற்றினார். வார் காதில் மாட்டிக்கொண்டது. என் கணவர் காதை விடுவித்து, "பாத்து எடுங்க சார், கண்ணாடி கீறிடப் போகுது" என்றார். இதற்கு மேல் நான் எழுதினால் மனுவுக்குரிய மரியாதை கெட்டுவிடும்.

7. உதவி அலுவலர் சொல்லக்கூடிய சமாதானம் எனக்குத் தெரியும். சீட்டில் "கணக்கெடுத்தவர்" என்ற இடத்தில் என் கணவர் பெயர்தானே இருக்கிறது, கண்ணால் பார்த்தது நீங்கள்தானே என்பார். உண்மை. சீட்டில் பெயருக்கு ஒரே ஒரு வரிதான் அச்சடித்திருக்கிறீர்கள். என் பெயரையும் எழுதட்டுமா என்று முதல் வருடமே அவரிடம் கேட்டேன். "எதுக்கும்மா, கட்டத்துக்கு வெளிய போகும்" என்றார். தாங்கள் அச்சடித்த கட்டத்துக்கு நாங்கள் மோசடிக்காரர்கள் ஆக முடியாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதுவதற்குப் பெயர் மோசடி அல்ல. வந்த ஒரே வரவை இரண்டு இடத்தில் எழுதிக் கூட்டுவதற்குப் பெயர் என்ன என்று வீட்டுக் கணக்கு எழுதும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

8. எங்கள் வயல் பகுதியை அன்று மதியமே உதவி அலுவலர் தானாகவே "முடித்து" விட்டார். ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்தி, இறங்காமல், கண்ணாடியைக்கூட முழுதாக இறக்காமல் பார்த்துவிட்டு, "பறவைகள் இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார். சூளைக்காரரின் தங்கை எனக்குத் தோழி. நேரில் பார்த்துச் சொன்னாள். அறுத்த நெல் தாளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் உள்ளான் ரோட்டிலிருந்து தெரியாது. வரப்பில் நடந்து, நின்று, காது கொடுக்க வேண்டும். காலில் சேறு படாமல் எண்ணுவதற்கு அது மாடிப்படி அல்ல.

9. நான் பக்தி உள்ளவள். விடியற்காலையில் பிரார்த்தனை முடிக்காமல் அடுப்பு பற்றவைப்பதில்லை. அதில் இன்றுவரை யாருக்கும் கெடுதல் கேட்டதில்லை. இந்த எட்டு நாளும், எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்ற இடம் வரும்போது தங்கள் உதவி அலுவலரின் முகம் வந்து குறுக்கே நிற்கிறது. "எல்லோரும்" என்பதில் அவரையும் சேர்க்க என்னால் முடியவில்லை. இந்தப் பாவத்தில் தங்கள் அலுவலகத்துக்கும் பங்கு உண்டு என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

10. ஆகவே நான் கேட்பது:

அ) மூக்கன் எண்ணிக்கை ஆயிரத்து இருநூறு என்று பத்திரிகையில் வந்ததைத் திருத்தி அதே பத்திரிகையில் வெளியிட வேண்டும்.

ஆ) பைனாகுலரை என் கணவரின் கையில் திருப்பிக் கொடுத்து, வரும் ஞாயிறு வெள்ள வயல் பகுதிக்கு அவரையே அமர்த்த வேண்டும். சீட்டில் என் பெயரையும் எழுதுவேன். கட்டத்துக்கு வெளியே போனால் போகட்டும்.

இ) அன்று சொன்ன வார்த்தைகளுக்கு உதவி அலுவலர் அதே கொட்டகையில், மேலே சொன்ன அத்தனை பேர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். தனியாக வீட்டுக்கு வந்து சமாதானம் பேசுவதென்றால் வர வேண்டாம். டீ கிடைக்காது.

கடைசியாக ஒன்று. இதைச் சட்டப்படி புகாராக எழுத முடியுமா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலேதான் பறவைகள் ஏரிக்கும் வயலுக்கும் போய்வரும். விடியும் முன்பு படுக்கையில் இருந்தபடியே என் கணவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வார். "நீலச்சிறகி போகுது. இன்னும் ரெண்டு. கேக்குதா?" என்பார். அந்தக் குரலில்தான் எனக்கு விடியும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் ஒரு பெயரும் சொல்லவில்லை. இந்த மனுவை எழுதுவதையும் அவரிடம் சொன்னேன். "விடு, எதுக்கு" என்று மட்டும் சொன்னார்.

இன்று விடியற்காலை ஏதோ ஒன்று மூன்று முறை விசில் அடிப்பதுபோல் கத்திக்கொண்டு கூரைக்கு மேலே போனது. அவர் விழித்துத்தான் இருந்தார். அது போன திசைக்குத் தலை திரும்பியது. நான் காத்திருந்தேன். அவர் வாய் திறக்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன், சத்தத்தை வைத்து எனக்கு ஒன்றும் தெரியாது. அது என்ன பறவை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பதில் எழுதவும்.

இடம்: ஏரிக்குப் போகும் தெரு
நாள்: இரண்டாம் சுற்றுக்கு முந்தைய திங்கள்

இப்படிக்கு,
(கையொப்பம்)
வெல்டரின் மனைவி,
வெள்ள வயல் பகுதியின் கணக்கெடுத்தவர் இருவரில் ஒருவர்