தெர்மகோல் மொகஞ்சதாரோ

17 ஜூலை 2006, திங்கள்

மறுபடியும் டைம்டேபிள் மாறிவிட்டது. ஆறாம் வகுப்புக்கு வாரம் ஐந்து சோஷியல் பீரியட் இருந்தது, இனி மூன்றுதான். மீதி இரண்டும் ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் கணக்குக்கு. பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு! மெசபடோமியா, எகிப்து, சிந்து வெளி, சீனா எல்லாவற்றையும் செப்டம்பருக்குள் முடிக்க வேண்டுமாம். அவை எழுந்து விழ ஆயிரக்கணக்கான வருஷம் ஆயிற்று.

பிரின்சிபால் சாந்தா மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர் தார்நாகாவில் குடியிருக்கும் ஒரு விஞ்ஞானியின் மனைவி. இந்தத் தெலுங்கு ஊரில், தனியாக இருந்தால் என்னிடம் தமிழில் பேசுவார். "பேரன்ட்ஸ் எதுக்கு ஃபீஸ் கட்டறான்னு நெனைக்கறே கரோலின்? எகிப்து ராஜாவுக்கா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதில்தான் கோபம்.

ஆகஸ்டில் எக்ஸ்போ. பெற்றோர்கள் வருவார்கள், பிள்ளைகள் மாடல் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் ஒப்பிப்பார்கள். எங்கள் வகுப்புக்குத் தெர்மகோலில் மொகஞ்சதாரோ. அந்த மாடலின் வீடுகளில் பாதி, அப்பாக்கள் செய்து அனுப்பியவை. வடிகால் மட்டும் ஸ்ரவந்தி தன் கையால் செய்தாள். ஸ்ட்ராவை நெடுக வெட்டி ஒட்டி, மாத்திரை அட்டையை நறுக்கி அங்கங்கே குட்டி மூடிகள் வைத்திருக்கிறாள். நகத்தால் தூக்கினால் திறக்கிறது. எதற்கு என்றேன். "அடைச்சுக்கிட்டா யாராவது உள்ளே இறங்கணும்ல மிஸ்," என்று தெலுங்கில் சொன்னாள்.

சாயங்காலமும் அவள் தண்ணீர் பாட்டில் அப்படியே நிரம்பியிருந்தது. தினமும் இதே கதை. தண்ணீர் குடிக்காதவளுக்கு மூளை எப்படி வேலை செய்யும் என்று திட்டி அனுப்பினேன்.

19 ஜூலை

ரூஃபஸ் மாதாப்பூர் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஆபீஸ் காரில் வந்து இறங்கியதும், இந்த ஊர் உருதுவில் ஓர் 'ஆமாம்' போட்டுக் கேட்டான்: "ஹவ் டீச்சர், இன்னைக்கு எந்த ராஜா செத்தான்?" தம்பி! அவன் சம்பளத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவன் வாங்கி வந்த பீட்சாவை வெட்கமில்லாமல் தின்றேன்.

24 ஜூலை

மழை. ஹப்சிகுடாவில் சாக்கடை பொங்கி ரோட்டுக்கு வந்துவிட்டது. புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன். அந்த ஈரத்தோடு போய் நடத்தியது மொகஞ்சதாரோவின் வடிகால். உலகத்திலேயே சிறந்த வடிகால், மேலே மூடி, அவ்வப்போது சுத்தம் செய்தார்கள் என்று புத்தகத்தில் ஒரு வரி. யார் செய்தார்கள்? அவர்களுக்குப் பெயர் கிடையாதா?

'யார்?' என்று போர்டில் பெரிதாக எழுதினேன். பிள்ளைகள் விழித்தார்கள். மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டி ஏறுகிறவர்களையும் நாளைக்கு எந்தப் புத்தகமும் எழுதாது என்றேன். பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: உங்கள் வீட்டில், தெருவில், பள்ளியில் கழிப்பறையும் சாக்கடையும் சுத்தம் செய்வது யார்? அவர்கள் பெயர் என்ன? விசாரித்து வாருங்கள்.

வெகுநாளைக்குப் பிறகு இன்று ஒரு டீச்சராக இருந்தேன்.

25 ஜூலை

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமல் தூங்கவும் முடியாது.

ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். பாதிப் பேருக்குப் பெயர் தெரியவில்லை. "எங்க வீட்ல பாத்ரூம் தானா க்ளீன் ஆயிடும் மிஸ்," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் சுபாஸ்ரீ எழுந்தாள். சென்னையிலிருந்து வந்த சாஃப்ட்வேர் குடும்பம். எந்தக் கேள்விக்கும் முழுப் பதில் சொல்லாமல் உட்கார மாட்டாள்.

"ஸ்கூல் பாத்ரூம் க்ளீன் பண்றது யாதம்மா ஆயா, மிஸ். ஸ்ரவந்தியோட அம்மா. சண்டே மார்க்கெட்ல ரெண்டு பேரையும் பார்த்தேன்."

அவள் குரலில் கேலி இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். வகுப்பு மொத்தமும் திரும்பியது. ஸ்ரவந்தி தலை குனியவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒருவன் மூக்கைப் பொத்தினான்.

எனக்குத் தெரியாது. ஆயா பிள்ளைக்கு ஃபீஸ் இல்லை என்பது ஆபீஸுக்கு மட்டும் தெரிந்த விஷயம், எங்களுக்குச் சொல்வதில்லை —

தெரியாதுன்னா? தினம் அந்த பாத்ரூமுக்குத்தானே போறேன்? ரெண்டு வருஷமா அந்தம்மாவைத் தாண்டித்தானே போறேன்? அவங்க பேரே எனக்கு இன்னைக்குத்தானே தெரிஞ்சுது? சுபாஸ்ரீ சொல்லி! பெரிசா பேர் கேட்டுட்டு வரச் சொன்னா இந்த டீச்சர்.

26 ஜூலை

ஸ்ரவந்தி வரவில்லை.

மாடிப்படிக்குக் கீழே பினாயில் கேன் வைக்கிற இடத்தில் யாதம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. பள்ளியில் சேர்த்த அன்றே தாயும் மகளும் பேசி வைத்துக்கொண்டார்களாம். இவர் பின் கேட், அவள் முன் கேட். உள்ளே வந்துவிட்டால் ஒருவரையொருவர் தெரியாது. மற்ற பெண்கள் "ஆயா, தண்ணி ஊத்து" என்று அம்மாவை அதட்டுவதைக் கேட்க முடியாமல் மகள் பாத்ரூம் பக்கமே வருவதில்லை. எல்லாம் வீட்டுக்குப் போய்த்தான்.

அந்தத் தண்ணீர் பாட்டில்.

"நீங்க நல்லதுக்குத்தான் கேட்டீங்க மேடம்," என்றார். "ஆனா அங்கே உக்காரப் போறது அவதானே."

28 ஜூலை

சுபாஸ்ரீயின் அப்பா சந்தானம் வந்து பிரின்சிபால் அறையில் உட்கார்ந்திருந்தார். ஸ்ரவந்தியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் சொல்ல வந்த குறை வேறு. "என் பொண்ணு வேலைக்காரம்மாவை நிறுத்தி வெச்சு, பேரைக் கேட்டதோட விடாம, நீங்க என்ன ஜாதின்னு கேக்கறா மேடம். அந்தம்மா கோவிச்சுண்டு நின்னுட்டா இந்த ஊர்ல வேற ஆள் கிடைக்குமா?" நல்ல கேள்விதானே சார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் சாந்தா மேடத்தின் செருப்பு என் காலை மிதித்தது.

அவர் போன பிறகு எல்லாப் பிள்ளைகளின் டைரியிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: இந்த வீட்டுப்பாடம் ரத்து செய்யப்படுகிறது. ஸ்ரவந்தி டைரி இல்லை. அவள் இன்றும் வரவில்லை.

வேலையை விடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "நக்கோ," என்றாள் அம்மா, வேண்டாம் என்பதை இந்த ஊர் உருதுவில், தட்டிலிருந்து நிமிராமல்.

31 ஜூலை

ஸ்ரவந்தி வந்தாள். அவள் பெஞ்சிலிருந்த இரண்டு பெண்களும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஏன் என்று கேட்டேன். பின்னாலிருந்து போர்டு தெரியவில்லையாம். ஒரே நாளில் இருவருக்கும்.

11 ஆகஸ்ட்

நாளை எக்ஸ்போ. வருகிற வாண்டுகள் பிய்த்துவிடும் என்று வடிகால் மூடிகளை ஒட்டிவிடச் சொன்னார் சாந்தா மேடம். ஃபெவிகால் வைத்து நானே ஒட்டினேன். ஸ்ரவந்தி பார்த்துக்கொண்டு நின்றாள்.

வடிகால் பகுதியை அவளே சொல்லட்டும் என்று பிடிவாதமாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதையாவது சரி செய்ய வேண்டும்.

12 ஆகஸ்ட், சனி

நன்றாகச் சொன்னாள். தடங்கலே இல்லை. சந்தானம் ஜூஸ் டம்ளரோடு மாடலுக்குக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். டம்ளர் சரிந்து தரையெல்லாம் ஜூஸ். யாரோ ஆயாவைக் கூப்பிட்டார்கள். யாதம்மா துணியோடு வந்து, மேஜைக்கு முன்னால் மண்டியிட்டுத் துடைக்க ஆரம்பித்தார். ஸ்ரவந்தி நிறுத்தவில்லை, கீழே பார்க்கவுமில்லை. வடிகால்கள் செங்கல்லால் ஆனவை, மேலே மூடி இருந்தது என்று கடைசி வரை சொல்லி முடித்தாள்.

"எக்சலண்ட்," என்றார் சந்தானம். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னார். பேரன்ட்ஸ் எங்கே, வந்திருக்கிறார்களா என்று அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி யாதம்மாவின் கை. பக்கத்தில் நின்ற சுபாஸ்ரீ என்னைப் பார்த்தாள். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. நான் கற்றுக்கொடுத்த பாடம்.

நான் சொல்லியிருக்கலாம். ஏதாவது.

"அம்மா வரலை சார்," என்றாள் ஸ்ரவந்தி.

யாதம்மா துணியை வாளியில் பிழிந்தார். தரை ஈரமாக இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று சந்தானத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு.

21 ஆகஸ்ட்

ஸ்ரவந்திக்கு டி.சி. வாங்கிவிட்டார்கள். யாரும் அனுப்பவில்லை, அவளே இனி வரமாட்டேன் என்றுவிட்டாளாம். நான் வீட்டுக்கு வந்து பேசட்டுமா என்று யாதம்மாவிடம் கேட்டேன். "வேண்டாம் மேடம்." முதல் தடவையாக அந்தக் குரலில் கொஞ்சம் கடுமை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

யாதம்மா இங்கேதான் வேலையில் இருக்கிறார்.

9 அக்டோபர்

ஸ்ரவந்தி இப்போது சேர்ந்திருக்கும் அரசுப் பள்ளியில் அவளுக்கு எப்படி இருக்கிறது என்று யாதம்மாவிடம் கேட்டேன். "அங்கே பாத்ரூமே இல்லை மேடம்," என்றார். குறை சொல்கிறாரா, நிம்மதியாகச் சொல்கிறாரா — எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்கத் தைரியம் இல்லை.

18 ஜூன் 2007, திங்கள்

புது ஆறாம் வகுப்பு. வாரம் இரண்டு பீரியட். சிந்து வெளியை ஒரே பீரியடில் முடித்தேன். வடிகால்கள் மூடப்பட்டிருந்தன, கோடு போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு மார்க் கேள்வி. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

எக்ஸ்போவுக்குப் பழைய மாடலே போதும் என்று சொல்லிவிட்டார் சாந்தா மேடம். ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்து வந்து தூசி தட்டி மேஜையில் வைத்தேன். மணி அடித்த பிறகும் ஒரு பெண் போகாமல் அதன் மேல் குனிந்து நின்றாள். மாத்திரை அட்டை மூடி ஒன்றை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

"இது தெறக்குமா மிஸ்?"

திறக்காது, கையை எடு, பிய்ந்துவிடும் என்றேன்.