மாப்பிள்ளை அனுப்பிய மெஷினும் கீழறைச் சுவரும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், கீழறைச் சுவர்தான் இத்தனை நாள் நோயாளியாகக் கிடந்து இப்போது தேறி வருகிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, வாண்டு எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள், வாண்டுவுக்கு இளைப்பு குறைந்ததா, சரியாகச் சாப்பிடுகிறானா என்று விவரமாக எழுது. போனில் கேட்டால் "நல்லா இருக்கான்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய்.

போன தடவை நீங்கள் வந்தபோது தரைக்குக் கீழே இருக்கிற அந்தக் கீழறையில் படுத்து அவன் இருமின இருமலில், ஆபீஸ் வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லி லாட்ஜுக்குப் போனீர்களே, அது சாக்கு என்று உன் அப்பாவுக்குத் தெரியாது என்றா நினைத்தாய். உங்கள் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு வந்தவர் நேரே கீழே போய் என் தோசைத் திருப்பியை எடுத்துச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார். "சுவர் காயட்டும்ப்பா, அப்புறம் வந்து தங்குறோம்" என்று நீ வாய்தவறிச் சொன்னதுதான், மனிதருக்கு அன்றிலிருந்து வேறு பேச்சே கிடையாது. பெயிண்டரைக் கூப்பிட்டார். பழைய பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இதை அடித்தால் ஈரம் கிட்டவே வராது என்று பெயிண்டர் ஒரு பெயிண்டை அடித்துவிட்டுப் போனார், அது சுவர் முழுக்கக் கொப்புளமாகக் கிளம்பியது. கேட்டதற்கு, "பெயிண்ட் நல்ல பெயிண்ட்தாம்மா, உங்க சுவருதான் சரியில்ல" என்றார். எதிர்வீட்டு வக்கீல் வந்து பார்த்து, வீடு கட்டினவன் மேல் கேஸ் போடலாம் என்றார். கட்டினது உன் பெரியப்பா என்பதால் அந்த யோசனையை அங்கேயே விட்டோம். கடைசியில் உன் அப்பா கொப்புளத்துக்கு ஒன்றாகக் காலண்டர் மாட்டிவிட்டார், அந்த அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேதிதான்.

அப்போதுதான் மாப்பிள்ளை அந்த ஈரம் உறிஞ்சும் மெஷினை அனுப்பினார். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நம்ம வீட்டு ஈரம் அவருக்கு எதுக்கு" என்று முணுமுணுத்த உன் அப்பா, அதன் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததைப் பார்த்ததும் அப்படியே மாறிவிட்டார். காலையில் காப்பிக்கு முன்னால் தொட்டியை வாளியில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வருவார், வாசலில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டுவார், "பாருங்க, எல்லாம் சுவத்துலேர்ந்து பிடுங்கினது". நாளுக்கு நாள் தண்ணீர் கூடுகிறதே தவிரச் சுவர் காய்கிற வழியைக் காணோம். வேலைக்காலம் முழுக்கக் குடிநீர் இலாகாவில் இருந்த மூளை சும்மா இருக்குமா, வீட்டுக்கு அடியில் ஊற்று இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்.

போன வாரம் நான் கீழே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே தரைமட்டம்தானே தெரியும், உன் அப்பாவின் காலும் வாளியும் மட்டும் தெரிந்தன. சுவரை ஒட்டி அவர் வளர்க்கிற ரோஜாப் பாத்தியில் மெஷின் தண்ணீரை நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார். நான் துடைத்து முடிப்பதற்குள் ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஈரம் கோடாக இறங்கியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. மெஷின் உறிஞ்சும், இவர் சுமப்பார், பாத்தி வழியாகச் சுவர் திரும்ப வாங்கிக்கொள்ளும். "ஏங்க, வாளியோட கொஞ்சம் கீழ வாங்க" என்றேன். வந்தார், பார்த்தார். "வேர் குடிச்சிடும்னு நெனச்சேன்" என்றார். ஊற்று எங்கே என்று கேட்க நாக்கு துடித்தது, ஆனால் சுவரில் கையை வைத்துக்கொண்டு, "அப்ப பையன் இருமினது என்னாலயா" என்று கேட்டார் பார், நான் துணியைப் பிழிந்துகொண்டு திரும்பத் தரையைத் துடைக்கக் குனிந்துவிட்டேன். மெஷின் வருவதற்கு முன்னாலும் அந்தப் பாத்திக்குக் குழாயில் தண்ணீர் விட்டது அவர்தானே.

மறுநாள் மண்வெட்டியை எடுத்து, பூவும் மொட்டுமாக நின்ற செடிகளை எல்லாம் பிடுங்கிவிட்டார். சிலதை வக்கீல் வீட்டுக்குக் கொடுத்தார், மற்றது வாடிப்போயிற்று. அந்த இடத்தில் தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரி சரிவாக சிமெண்ட் போட்டாயிற்று. சுவர் காய்ந்துகொண்டு வருகிறது, மெஷினில் தொட்டியின் அடி நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர், அதையும் குனிந்து குனிந்து பார்த்து ஏமாந்துபோகிறார். நன்றாகக் காயாமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று இப்போது ஊருக்கே பாடம் எடுக்கிறார். அதனால் நீங்கள் வரும்போது சுவர் சொட்டை விழுந்துதான் இருக்கும், முகம் சுளிக்காதே.

மாப்பிள்ளையிடம் மெஷின் பிரமாதம் என்று மட்டும் சொல், மற்றதைச் சொல்லி மானத்தை வாங்காதே. வந்ததும் அப்பா பார்க்கிறபோது சுவரைத் தொட்டுப் பார், ரோஜா எங்கே என்று கேட்டுவிடாதே. மூவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வருகிற வழியில் வாண்டுவுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், அவன் இங்கே வந்து ஒரு தடவை இருமினால் போதும், உன் அப்பா அடுத்து வீட்டைப் பிடுங்க ஆரம்பித்துவிடுவார்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா