டீச்சரம்மா எழுதாத டீம்

27 ஜனவரி 2025, திங்கள்

இந்த நோட்டின் முன்பக்கம் டாக்டருக்கு. அங்கே "நேற்று தண்ணீர் நாலு டம்ளர்" என்று எழுதியாகிவிட்டது. பின்பக்கம் எனக்கு. இங்கே உண்மை: ஆறு டம்ளர். ஞாயிற்றுக்கிழமை, குடியரசு தின லீவு, வீட்டுக்காரி பிலோமினா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தாகம் எடுக்காமல் என்ன செய்யும்?

டயாலிசிஸ் வார்டில் காலை ஆறு மணி ஷிப்ட். எனக்கு மூன்றாம் கட்டில், டீச்சரம்மாவுக்கு நான்காம் கட்டில். திங்கள், புதன், வெள்ளி. நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய் மெஷினில் சலவையாகித் திரும்பி வரும். மூன்று வருஷமாக இதே வேலை. ஊரை விட்டு நாட்டின் தலைநகருக்கு வந்து சர்க்கார் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் கார் ஓட்டியபோதுகூட நான் இவ்வளவு ஒழுங்காக டூட்டிக்குப் போனதில்லை.

டீச்சரம்மா பேர் லீலாவதி. கிட்வாய் நகர்க்காரர். பி.டி. டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். இளவயசில் ரயில்வேக்கு பாஸ்கெட்பால் ஆடியவராம். ஊசி குத்தி முடிந்ததும் போனைத் தலையணையில் சாய்த்து வைத்து அமெரிக்கா மேட்ச் பார்ப்பார். அங்கே ராத்திரி, நமக்கு விடியற்காலை. எனக்கும் தெரியட்டும் என்று போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புவார். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"டீச்சரம்மா, கூடைக்கு அடியில ஓட்டை. போட்டதெல்லாம் கீழ விழுது. கோடிகோடியா சம்பளம் வாங்குறானுங்க, ஒருத்தனுக்கும் ஊசி நூல் வாங்கத் தோணலியே?"

"பேசாம படுங்கோ மதலைமுத்து. உங்க மெஷின் கத்தறது."

கை ஆடினால் அலாரம் அடிக்கிற மெஷின். கத்தட்டும். அதற்கும் வேறு பொழுதுபோக்கு இல்லை.

29 ஜனவரி, புதன்

பாதி சீசன் முடிந்ததாம். கப் யாருக்கு என்று இப்போது சொல்பவன்தான் ஆட்டம் தெரிந்தவன், ஜூனில் எந்த முட்டாளும் சொல்வான் என்றார் டீச்சரம்மா. ஒரு சீட்டில் மூன்று டீம் பேர் எழுதினார்: ஒக்லஹோமா, கிளீவ்லாண்ட், பாஸ்டன். ஒக்லஹோமாவுக்குக் கீழே ரெண்டு கோடு. நர்ஸ் எவாஞ்சலின், நாசரேத்துப் பிள்ளை, பாஸ்டன் என்றது. அங்கே அதற்கு ஒரு பெரியம்மா மகள் இருக்கிறாளாம்.

"நீங்க எந்த டீம் பேரை எழுதவே மாட்டீங்க?" என்று கேட்டேன்.

"தோக்கற டீம் எத்தனையோ இருக்கு. மனுஷாளை ஏமாத்தற டீம்னா இண்டியானா. ஓடறா, ஓடறா, ஆசை காட்டறா, கடைசில ஒண்ணுமில்லே."

"அப்ப அதான் என் டீம். எழுதுங்க."

"உங்களுக்குப் பைத்தியம்."

எழுதினார்.

3 பிப்ரவரி, திங்கள்

களைப்பு. ஒன்றும் எழுத இல்லை.

10 பிப்ரவரி, திங்கள்

ஷிப்ட் முடிந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டீச்சரம்மாவின் தங்கை ராஜம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மினிஸ்டிரியில் வேலை, நல்ல மாதிரி. அக்காவுக்குக் கிட்னி கொடுக்க எல்லா டெஸ்டும் முடிந்து, எல்லாம் பொருந்தி, டிசம்பரிலிருந்து ஃபாரம் தயாராக இருக்கிறதாம். அக்கா கையெழுத்துப் போடவில்லை. கேட்டால், சீசன் முடியட்டும் என்கிறாராம்.

"எனக்கு சுகர் எல்லைக்கோட்டுல நிக்கறது. மழைக்காலத்துக்குள்ள பண்ணலேன்னா அப்புறம் என் கிட்னியை எடுத்துக்கவே மாட்டோம்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க சொன்னா கேப்பா."

"நான் புத்தி சொல்ற ஆள் இல்லம்மா. வம்பு இழுக்குற ஆள்."

"அப்போ வம்பாவது இழுங்கோ."

எனக்குக் கிட்னி மாற்றுகிற பேச்சே இல்லை. பிலோமினா தர்றேன் என்றாள், டாக்டர் என் இதயத்தின் படத்தைக் காட்டி வேண்டாம் என்றுவிட்டார். நமக்கு வாய்த்தது மெஷின்தான். கிட்னி வாய்த்தவர் எதற்கு இங்கே கிடந்து உருள வேண்டும்?

14 பிப்ரவரி, வெள்ளி

இழுத்தேன்.

"டீச்சரம்மா, தங்கச்சி குடுக்கறேங்குது, உங்களுக்கு என்ன பிகு?"

அரை மணி கழித்து, போனைப் பார்த்தபடியே சொன்னார்: "அம்மா போனப்போ அவளுக்கு ஆறு வயசு. தலை வாரி, சோறு போட்டு, நான்தான் ஸ்கூலுக்கு அனுப்பினேன். அவளைப் படுக்க வச்சு வயித்தைக் கிழின்னு நானே எழுதித் தரணுமா?"

அதற்கு மேல் கிண்டல் வரவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காதே. "சரி, நம்ம இண்டியானா ஃபைனல் வந்தா கையெழுத்துப் போடுவீங்களா?" என்றேன்.

சிரித்தார் பாருங்கள், கை ஆடி அவர் மெஷினும் கத்தியது. "ஃபைனலா? வந்தா ஒண்ணென்ன, பத்து கையெழுத்து போடறேன். வரலேன்னா அடுத்த சீசன் முழுக்க நீங்க வாயைத் திறக்கப்படாது."

ஊசிக்கு முன்னால் எடை பார்த்துத் தருகிற சீட்டின் பின்னால் எழுதி வாங்கிவிட்டேன். சாட்சி: எவாஞ்சலின். சீட்டு என் பர்ஸில், மாதா படத்துக்குப் பின்னால்.

17 மார்ச், திங்கள்

ஞாயிறு தண்ணீர் — எண்ணவில்லை. எடை மெஷினில் ஏறும்போது சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன். ஒன்றரைக் கிலோ குறைத்துக் காட்டியது. டெக்னீஷியன் கவனிக்கவில்லை. எனக்கு ஒரே குஷி.

19 மார்ச், புதன்

குஷி திங்கள் மதியமே போய்விட்டது. சீட்டில் இருந்த எடைக்குத்தானே மெஷின் நீரை எடுக்கும்? மிச்ச நீர் நெஞ்சில் ஏறிவிட்டது. வீட்டுப் படியில் பாதியில் நின்றுவிட்டேன், மூச்சு வரவில்லை. எமர்ஜென்சி, ஆக்ஸிஜன், மறுபடி ஊசி. பிலோமினா என்னோடு பேசவில்லை.

டீச்சரம்மா பேசினார். வார்டே திரும்பிப் பார்த்தது. "ஃபவுல்! இது ஃபவுல் இல்லாம வேறென்ன? இன்னொரு தடவை சுவத்துல கை வச்சேள், நான் சாயங்கால ஷிப்ட்டுக்கு மாத்திண்டு போயிடுவேன். தனியா மெஷினோட பேசிண்டு கெடங்கோ."

அப்புறம் மெதுவாக, "எனக்கு ஆட்டம் பாக்க ஆள் வேண்டாமா?"

என்னத்தைச் சொல்ல. சில நாள், எல்லாம் போதும்னுதான் தோணுது. இந்தக் கையில எங்க தொட்டாலும் ஓட்டை. எத்தன ஊசி, எத்தன டேப்பு. எதுக்கு இதெல்லாம்? எவனக் கேக்கறது?

30 ஏப்ரல், புதன்

இண்டியானா முதல் சுற்றைத் தாண்டியது. ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம். "நாய்க்கு எலும்பு கெடைச்ச மாதிரி இளிக்காதேங்கோ. அடுத்தது கிளீவ்லாண்ட்" என்றார் டீச்சரம்மா.

7 மே, புதன்

சுவர் டி.வி.யில் எல்லைச் சண்டைச் செய்தி. வார்டு முழுக்க அண்ணாந்து அதையே பார்த்தது. நாங்கள் இருவர் மட்டும் குனிந்து போனைப் பார்த்தோம். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை, இண்டியானா ஏழு பாயின்ட் பின்னால். டீச்சரம்மா போனை மூடப் போனார்.

"கொஞ்சம் இருங்க, ஏமாத்துதான்னு பாப்போம்" என்றேன்.

ஏமாற்றியது. கிளீவ்லாண்டை. கடைசி நொடியில் ஒருத்தன் தூரத்திலிருந்து எறிந்தான், ஒரு பாயின்ட்டில் ஜெயித்தோம். நான் கையை ஆட்டக் கூடாது, காலை ஆட்டினேன். டீச்சரம்மா முகத்தில் ரத்தமே இல்லை. "பாதி ரத்தம் மெஷின்ல இருக்கு, அதான்" என்றார். பொய்.

26 மே, திங்கள்

கிளீவ்லாண்ட் தோத்து வெளியே போயாச்சு. இப்போது நியூயார்க்கோடு. இது தாண்டினால் ஃபைனல்.

இன்று இண்டியானா இருபது பாயின்ட் முன்னால் இருந்தது. நான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். ஏ.சி. குளிருக்கு ஸ்வெட்டர், மூக்குக்கண்ணாடி, பந்து பிடித்துப் பிடித்துக் கோணிப்போன விரல்கள். கையெழுத்து விழுந்தால் இந்தக் கட்டில் வேறு யாருக்கோ. இதை நான் இவ்வளவு நாள் யோசிக்கவே இல்லை. நியூயார்க் ஜெயிக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரே நிமிஷம்தான்.

நியூயார்க் ஜெயிச்சிருச்சு.

மாதாவே, நான் என்ன மனுசன்? அந்தம்மா தங்கச்சி சுகரை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கு, நான் எனக்குப் பேச்சுத் துணை தேடுறேன். நான் நினச்சத நீ கேட்டிருந்தா, கேக்காத மாதிரி விட்டுரு.

1 ஜூன், ஞாயிறு

காலையில் நம்ம தமிழ் ஜனங்கள் இருந்த குடிசைப் பகுதி, மதராசி கேம்ப்பை, இடித்துவிட்டார்கள். பிலோமினாவின் சித்தி மகள் குடும்பம் பாத்திரம் பண்டத்தோடு எங்கள் அறையில். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனில் முடிவைப் பார்த்தேன். இண்டியானா ஃபைனலுக்குப் போய்விட்டது. யாரிடம் சொல்ல? போனை மூடிவிட்டு ஒரு மூட்டையைப் பரண்மேல் ஏற்ற உதவினேன்.

2 ஜூன், திங்கள்

சீட்டை எடுத்து டீச்சரம்மா போர்வைமேல் வைத்தேன்.

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னது, மதலைமுத்து."

"விசில் ஊதுனப்புறம் ரூல மாத்துவீங்களா டீச்சரம்மா? முப்பது வருசமா பிள்ளைங்களுக்கு இதையா சொல்லிக் குடுத்தீங்க?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு மணி நேரமும் போனைத் தொடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று மெஷினுக்குத்தான் தெரியும். ஊசியைக் கழற்றும்போது எவாஞ்சலினிடம் கேட்டார்: "ராஜம் வெளில இருக்காளா? அந்த ஃபாரத்தை எடுத்துண்டு வரச் சொல்லு. பேனாவும்."

ஊசி குத்தாத கையால் கையெழுத்துப் போட்டார். ராஜம் அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ஒண்ணு போட்டாச்சு. பாக்கி ஒம்பது?" என்றேன்.

"போடா" என்றார். என் எழுபத்தொரு வயசில் அப்படிக் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று.

6 ஜூன், வெள்ளி

ஃபைனல் முதல் ஆட்டம். ஒரு நொடிகூட மிச்சமில்லாமல் ஜெயித்தோம். டீச்சரம்மா, "ஏழு ஆட்டத்துல நாலு ஜெயிக்கணும், கப்பு ஒக்லஹோமாவுக்குத்தான்" என்று இரண்டு தரம் சொன்னார்.

16 ஜூன், திங்கள்

நாலாம் கட்டிலில் அவருக்குக் கடைசி நாள். வியாழக்கிழமை ஆபரேஷன். போகும்போது ஒரு தாள் தந்தார். மேட்ச் பார்க்கிற ஆப்பின் பாஸ்வேர்டு. "யாருக்கும் குடுக்கப்படாது. ஆட்டத்தைப் பாருங்கோ, சுவத்துல கை வைக்காதேங்கோ." வேறொன்றும் சொல்லவில்லை. கதவு வரை நேராக நடந்தார், மைதானத்துக்குள் போகிற மாதிரி.

20 ஜூன், வெள்ளி

நேற்று ஆபரேஷன் ஆயிற்று. அக்கா, தங்கை இருவரும் நலம். எவாஞ்சலின் ஓடி வந்து சொன்னது. இன்று இண்டியானாவும் ஜெயித்தது. ஃபைனலில் ஆளுக்கு மூன்று ஆட்டம். இனி ஒரே ஆட்டம்.

23 ஜூன், திங்கள்

நாலாம் கட்டிலில் ஒரு பேங்க்காரர். போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு தூங்குகிறார். போனை அவர் பக்கமும் கொஞ்சம் திருப்பி வைத்தேன். பழக்கதோஷம்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், அன்று கிளீவ்லாண்டைக் கவிழ்த்தானே அந்தப் பையன், ஓட எத்தனித்தவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கையால் தரையை அடித்து அடித்து அழுதான். அதற்கப்புறம் என்ன, தோற்றோம். கப் ஒக்லஹோமாவுக்கு. ஜனவரியில் ரெண்டு கோடு போட்ட பேர்.

பத்து மணிக்கு எவாஞ்சலின் ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவந்தது. "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? — லீலாவதி. நேத்திக்கு மூணு லிட்டர் போச்சு. பொறாமைப்படுங்கோ."

மூன்று லிட்டர் மூத்திரம்! எனக்கு மூன்று சொட்டுக்கு வழியில்லை. ரொம்ப நேரம் சிரித்தேன். சீட்டை மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

12 நவம்பர், புதன்

வெளியே புகை, கண் எரிச்சல், இருமல். இன்று போகவில்லை. மெஷின் ரிப்பேர் என்று பிலோமினாவிடம் சொன்னேன்.

14 நவம்பர், வெள்ளி

இன்றும். எழுந்திருக்கவே பிடிக்கல. போயி என்ன ஆகப்போகுது.

17 நவம்பர், திங்கள்

எவாஞ்சலின் வீட்டுக்கே போன் போட்டுவிட்டது. பிலோமினா ஆட்டோ பிடித்து, என் சட்டையைப் பிடித்து ஏற்றினாள். வழி முழுக்க அழுதாள். பேங்க்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

26 ஜனவரி 2026, திங்கள்

பரேடுக்காக ரோடெல்லாம் மூடி, ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிக் காட்டி வந்து சேர்ந்தேன். ஊசி குத்தி முடிந்ததும் போன் அடித்தது. டீச்சரம்மா. தொற்று ஒட்டிவிடும் என்று வார்டுப் பக்கமே அவரை விடுவதில்லை.

"பாதி சீசன் ஆச்சு. என் மூணு பேரை எழுதிட்டேன். உங்க டீமைச் சொல்லுங்கோ."

"இண்டியானா."

"அது கடைசி வரிசைல கெடக்கு! காலொடிஞ்ச பையன் இந்த வருஷம் ஆடவே மாட்டான். நடந்தா அடுத்த வருஷம்தான் எதாவது நடக்கும்."

"அப்ப அடுத்த வருசத்துக்கு எழுதிக்கங்க."

வேலைக்கார அம்மாவோடு ராஜம் இந்தியில் பேசுவது பின்னால் கேட்டது.

"நவம்பர் சமாசாரம் எவாஞ்சலின் சொன்னா" என்றார் டீச்சரம்மா. "அடுத்த வருஷம்னு எழுதறேன். எழுதினப்புறம் மாத்தப்படாது. உங்க ரூல்."

"மாத்தல."

"ஞாயித்துக்கிழமை எத்தனை டம்ளர்?"

முன்பக்கத்தில் நாலு என்று எழுதியிருக்கிறேன். இங்கேயும் நாலு.